பதினைந்து பேர் சேர்ந்து கொண்டாடுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் (வெளிநாட்டில் முதல் கிறிஸ்துமஸ்)

குழித்துறை மகள் | டிசம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

ஆகஸ்டில் நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து வந்தேன். லீட்ஸ் நகரம். ஊர் குழித்துறை பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். அம்மா வீட்டில். தம்பி கோயம்புத்தூரில் படிக்கிறான். இத்தனை வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸ்கூட வீட்டைவிட்டு இருந்ததில்லை. நர்சிங் படித்தபோதுகூட 23ஆம் தேதி ராத்திரி பஸ் பிடித்து ஓடி வந்துவிடுவேன். அச்சு முறுக்குக்கு மாவு கரைப்பது அம்மா, அச்சை எண்ணெயில் முக்கி எடுப்பது நான். குடிலுக்கு வேண்டிய புல்லுக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே தட்டில் கேழ்வரகு விதைத்துவிடுவோம்.

இந்த வருடம் 25ஆம் தேதி எனக்கு லாங் டே. காலை 7.30 முதல் இரவு 8 மணி வரை. கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரில் ஒருவர் ஊருக்குப் போகிறார், இரண்டு பேர் மான்செஸ்டரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பிரச்சினை வேறு. போன வாரம் போனில் அம்மா அழுதார். "நீ அன்றைக்குத் தனியாக இருப்பாயா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். என்ன சொல்வதென்று தெரியாமல், "இல்லை அம்மா, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர் சேர்கிறோம், பிரியாணி போடுகிறோம், குடில்கூட வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்போது தினமும் அந்தப் பதினைந்து பேரைப் பற்றித்தான் கேட்கிறார். யார் எந்த ஊர், யார் சமைக்கிறார்கள், யாருக்காவது கல்யாணம் ஆகிவிட்டதா. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரையும் வீடியோவில் காட்ட வேண்டுமாம். நேற்று சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: அந்தப் பதினைந்து பேருக்காகவும் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறாராம்.

இப்போது நான் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிடவா, இல்லை அன்று சிக்னல் கிடைக்கவில்லை என்று சமாளித்துவிடவா? நீங்களெல்லாம் முதல் கிறிஸ்துமஸை எப்படிக் கழித்தீர்கள்?

---

மணப்பாட்டு அலை | டிசம்பர் 8, இரவு 10.20

தங்கச்சி, நான் கத்தாரில் 11 வருடம். அதில் 4 கிறிஸ்துமஸ்தான் ஊரில்.

இங்கே 25ஆம் தேதி வேலை நாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் எங்களுக்கு எல்லாம் 24ஆம் தேதி ராத்திரியோடு முடிந்துவிடும். தோகாவுக்கு வெளியே மிசைமீரில் தேவாலய வளாகம் இருக்கிறது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் எல்லோருடைய கோயில்களும் அந்த ஒரு வளாகத்துக்குள்தான். எங்களுடையது 2008இல் திறந்த ஜெபமாலை மாதா கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை தெரியாது. உள்ளே போனால் முற்றம் முழுக்க ஆட்கள். ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ், பிலிப்பைன்ஸ் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் நின்றபடியேதான் பூசை காண்போம்.

ஊரில் 12 மணி பூசை தொடங்கும்போது இங்கே இரவு 9.30. எங்கள் ஊரில் மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் உண்டு, தெரிந்திருக்கும். உன்னதங்களிலே பாட்டு எழும்பும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். என் மனைவி அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிப்பாள். பாட்டு பாதி, கடல்காற்று பாதி கேட்கும். அது போதும் எனக்கு.

முதல் வருடம் அறையைவிட்டு வெளியே வராமல் படுத்தே கிடந்தேன். அதை மட்டும் நீ செய்யாதே. இப்போது கேம்ப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பண்டம். பாகிஸ்தான்காரர் ஒருவர் சேமியா கொண்டுவருவார், நேபாளத்துத் தம்பி ஒருவன் வந்து பாத்திரம் கழுவித் தருவான்.

பொய்யைப் பற்றிக் கேட்டாய். என் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்குப் பாதி தெரியும். அந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டது சரியா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

---

நெல்லைச் சீமை | டிசம்பர் 9, காலை 6.05

நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். சொல்லாதே.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஷிப்ட் வேலை. அப்பாவுக்கு பைபாஸ் ஆகி ஆறு வருடம் ஆகிறது. நான் தனியாக இருக்கிறேன், சாப்பிடவில்லை என்று சொன்னால் அவர்களால் அங்கிருந்து என்ன செய்துவிட முடியும்? இரண்டு நாள் தூங்காமல் இருப்பார்கள், அவ்வளவுதான். நம்முடைய தனிமையை நாம்தான் சுமக்க வேண்டும். அதற்காகத்தான் நம்மைப் படிக்க வைத்து அனுப்பினார்கள்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில் அதிகாலை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அப்பா எனக்கு போன் போடுவார். நான் ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். "நண்பர்களோடு இருக்கிறேன் அப்பா" என்பேன். பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய் தோசையும் கறிக்குழம்பும் சாப்பிடுவார். அந்த நிம்மதியை எதற்குக் கெடுக்க வேண்டும்?

---

பிராட்ஃபோர்டு அக்கா | டிசம்பர் 9, மதியம் 1.30

சொல்லலாமா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் நடைமுறை. நான் 2003இல் வந்தவள், நானும் நர்ஸ்தான். முதல் வருடம் யாரும் சொல்லாததால் நான் பட்ட கஷ்டத்தை நீ படக்கூடாது.

25ஆம் தேதி இந்த நாட்டில் ரயில் ஓடாது. உன் பக்கம் பஸ்ஸும் ஓடாது. 24ஆம் தேதி சாயங்காலமே பஸ் குறைய ஆரம்பித்துவிடும். டாக்ஸி கிடைத்தாலும் காசு எக்கச்சக்கமாகக் கேட்பார்கள். ஆகவே டியூட்டிக்கு எப்படிப் போவாய், எப்படித் திரும்புவாய் என்பதை இன்றே முடிவு செய். வார்டில் கார் வைத்திருக்கிறவர்களிடம் கூச்சப்படாமல் கேள். நான் கேட்கவில்லை. அந்தக் குளிரில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன்.

280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 25ஆம் தேதி திறக்கக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. அதனால் பெரிய சூப்பர் மார்க்கெட் எதுவும் இருக்காது. மூலைக்கடை ஏதாவது திறந்திருக்கலாம், அதை நம்பி இருக்காதே. 23ஆம் தேதிக்குள் கறி, அரிசி, பால் எல்லாம் வாங்கி வை. ஹலால் கடையில் எலும்போடு ஆட்டுக்கறி கேட்டால் நம் ஊர் அளவில் வெட்டித் தருவார்கள்.

விடுமுறை நாள் டியூட்டிக்கு உன் கிரேடில் 60% கூடுதல் சம்பளம் உண்டு. சம்பளச் சீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று ஜனவரியில் பார்த்துக்கொள். நமக்காக வாய் திறந்து கேட்க இங்கே வேறு ஆள் கிடையாது.

இன்னொன்றும் எழுதி வைத்துக்கொள். ராத்திரி மனது ரொம்பக் கனத்துப்போனால் பேசுவதற்கு சமாரிட்டன்ஸ் என்ற உதவித் தொலைபேசி உண்டு, 116 123. காசு கிடையாது, கிறிஸ்துமஸ் அன்றும் எடுப்பார்கள். ஒரு ஜனவரியில் நான் கூப்பிட்டிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன் மருத்துவமனை எது என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுது. இங்கே போடாதே.

---

ஸ்டுட்கார்ட் குளிர் | டிசம்பர் 9, மாலை 5.50

அக்கா கடையைப் பற்றி எழுதியதைப் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜெர்மனிக்கு வந்திருக்கும் மாணவர்கள் யாராவது படித்தால் கவனியுங்கள். இங்கே 24ஆம் தேதி மதியம் 2 மணிக்குள் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. எனக்கு முதல் வருடம் இது தெரியாது. விடுதியில் ஜெர்மன் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான்கு மாடியில் என் அறையில் மட்டும் விளக்கு. இரண்டரை நாள் ரொட்டியும் ஊறுகாயும்தான். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும் என்பதை அடுத்த வருடம்தான் ஒருவர் சொன்னார்.

நகரமே விளக்கும் மரமுமாக ஜொலிக்கிறதே, 24 அன்று இன்னும் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சாயங்காலம் வெளியே போனேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. சந்தைக் கடைகளையெல்லாம் பூட்டியிருந்தார்கள். இங்கே அந்த நாள் முழுக்க முழுக்க வீட்டுக்குள். நம் ஊரில் என்றால் அன்றுதானே தெருவே விழித்திருக்கும்.

---

காயல் டாக்டர் | டிசம்பர் 10, இரவு 11.15

நான் முஸ்லிம், சொந்த ஊர் காயல்பட்டினம். லெஸ்டரில் 9 வருடமாக மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டியூட்டி எனக்குப் போடுங்கள் என்று நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். என் பெருநாளுக்கு அவர்கள் எனக்காக நிற்பார்கள். எங்கள் பிரிவில் இது எழுதாத ஒப்பந்தம் மாதிரி.

சகோதரி, இந்த வருடப் பட்டியல் போட்டுவிட்டார்கள் என்றால் மாற்றுவது கடினம். ஆனால் அடுத்த வருடத்துக்கு இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள். உங்கள் வார்டில் நோன்பு வைக்கிறவர்கள் நிச்சயம் யாராவது இருப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெருநாள் அன்று காலையில் தொழுதுவிட்டு, தனியாகப் பஸ்ஸில் வேலைக்குப் போயிருக்கிறேன். புதுச்சட்டை மேல்கோட்டுக்குள் மறைந்திருக்கும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

---

முத்துநகர் மாலுமி | டிசம்பர் 12, காலை 4.30

தூத்துக்குடி ஆள். 14 வருடமாகக் கப்பலில். இப்போதும் கப்பலில் இருந்துதான் எழுதுகிறேன்.

நடுக்கடலில் கிறிஸ்துமஸ் என்றால் சமையல்காரர் கேக் செய்வார், கேப்டன் வந்து கை குலுக்குவார், அப்புறம் வாட்ச் (டியூட்டி முறை) மாறும். முன்பெல்லாம் போனும் கிடையாது. வீட்டிலிருந்து டின்னில் மக்ரூன் கொண்டுபோவேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லையே, உப்புக்காற்று பட்டால் இரண்டே நாளில் பிசுபிசுத்துவிடும். அதனால் மெழுகு உருக்கி டின் மூடியைச் சுற்றி ஒட்டி வைத்து, 24 ராத்திரிதான் உடைப்பேன். மூடியைத் திறந்ததும் வரும் வாசனை எங்கள் தெருவின் வாசனை.

ஒரு வருடம் ஹாம்பர்க் துறைமுகத்தில் 24ஆம் தேதி நின்றோம். அங்கே டக்டால்பென் என்று மாலுமிகளுக்கான கிளப் ஒன்று இருக்கிறது, 1986 முதல் நடக்கிறது. ஒரே அறையில் எல்லா மதத்துக்கும் வழிபாட்டு இடம் வைத்திருக்கிறார்கள். வண்டி அனுப்பி எங்களை அழைத்துப்போனார்கள். ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே கையால் பின்னிய கம்பளித் தொப்பி, சாக்லேட், பற்பசை. யாரோ முகம் தெரியாத பாட்டி எனக்காகப் பின்னியது. ஸ்டெல்லா மாரிஸ், மிஷன் டு சீஃபேரர்ஸ் போன்ற அமைப்புகள் பல துறைமுகங்களில் இதைச் செய்கின்றன. இங்கிலாந்தில் இருக்கிற நீங்கள் யாராவது அருகில் துறைமுகம் இருந்தால் ஒரு தொப்பி வாங்கிக் கொடுங்கள். அது எங்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை எழுத்தில் சொல்ல வரவில்லை.

நான் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கடலில் இருக்கிறவன் ஒன்று மறைத்தால் வீட்டில் பத்தாக நினைப்பார்கள்.

---

குருநகரான் | டிசம்பர் 14, இரவு 8.00

பிள்ளை, நான் டொரொன்டோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் குருநகர். 1991இல் வந்தேன். கிறிஸ்துமஸை நாங்கள் நத்தார் என்றுதான் சொல்வோம்.

எங்களுக்குப் பொய் சொல்லவும் வழியிருக்கவில்லை. போரால் யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் இல்லாத காலம். கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும், பதில் வர இன்னொரு மடங்கு. நான் முதல் நத்தாருக்கு எழுதிய வாழ்த்து அம்மாவின் கையில் கிடைத்தது உயிர்ப்புப் பெருநாள் (ஈஸ்டர்) முடிந்த பிறகு. அதில் "இங்கே மிகுந்த பனி, நான் சுகம்" என்று இரண்டே வரி. அப்போது ஒரு உணவகத்தின் நிலத்தடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். 24ஆம் திகதி இரவும் கழுவினேன். மேலே ஆட்கள் பாடும் சத்தம் கேட்கும். பின்கதவால் குப்பை கொட்டப் போனபோது பனிக்குள் நின்று அழுதேன். ஊரில் நடுச்சாமப் பூசை தொடங்கும் நேரம் இங்கே அன்று மதியம் ஒன்றரை மணி. அது எப்போதோ முடிந்துபோயிருந்தது. ஊரடங்கு போட்ட வருடங்களில் அங்கே பூசையைப் பின்னேரத்திலேயே வைத்துவிடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆகவே அவர்கள் எப்போது கோயிலில் இருந்தார்கள் என்பதைக்கூட என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் வருடம் கொழும்புக்கு வந்த ஒரு குருவானவரிடம் அம்மா ஒரு கசெட் கொடுத்து அனுப்பினார். அறுபது நிமிடக் கசெட். அம்மாவுக்கு அதில் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. "தம்பி, சாப்பிடுகிறாயா" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு காகம் கத்துகிறது. தங்கச்சி கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற சத்தம். யாரோ படலையைத் திறக்கிறார்கள், அம்மா எழும்பிப் போய் அவரோடு மீன் விலை கதைக்கிறார். கசெட் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் அதை நூறு தரம் கேட்டிருப்பேன். எனக்குச் சொல்லியனுப்பிய வார்த்தைகளைவிட அந்த மீன்விலைதான் எனக்கு வீடு.

அதனால்தான் சொல்கிறேன். பதினைந்து பேரைக் காட்டத் தேவையில்லை. போனைத் திறந்து வைத்துவிட்டு உன்னுடைய வேலையைச் செய். அம்மாவையும் அவருடைய வேலையைச் செய்யச் சொல். இப்போது ஸ்கார்பரோவில் எங்களுக்குத் தமிழ்ப் பங்கு இருக்கிறது, பேரப்பிள்ளைகள் ஒளிவிழாவில் நடிக்கிறார்கள். ஆனால் நத்தார் காலையில் இன்றைக்கும் அந்தக் கசெட்டை ஒருதரம் போடுவேன்.

---

நெறியாளர் | டிசம்பர் 14, இரவு 9.10

இந்த இழையைப் புத்தாண்டு வரை முதல் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | டிசம்பர் 16, காலை 10.45

மக்களே, இதுவரை எழுதிய எல்லோரும் போனவர்கள். நான் நாகர்கோவிலில் இருந்து எழுதும் ஒரு அம்மா. பின்னே, இருப்பவர்களும் ஒன்று சொல்ல வேண்டாமா?

எனக்கு ஒரே மகன். மெல்போர்னில் எட்டு வருடமாக இருக்கிறான். கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் பதினோரு வீடு, அதில் ஏழு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். முன்னெல்லாம் டிசம்பர் பிறந்தால் மாடிக்கு மாடி நட்சத்திரம் தொங்கும், கரோல் வருகிறவர்கள் எங்கள் தெருவைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். இப்போது பாட்டுப் பாடுகிறவர்கள் வந்தால் கதவைத் திறப்பது என்னைப் போன்ற கிழவிகள்தான். இரண்டு பாட்டு பாடிவிட்டு, "வேற யாரும் இல்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மகன் கூப்பிட்டு, "குடில் வைத்தாயா அம்மா?" என்று கேட்பான். இரண்டு வருடத்துக்கு முன் நான் வைக்கவில்லை. குனிந்து வைக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை, யாருக்காக வைப்பது என்றும் ஒரு எண்ணம். ஆனால் அவன் வருத்தப்படுவானே என்று அதற்கு முந்தின வருடக் குடிலின் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். "சூப்பரா இருக்கும்மா" என்று பதில் போட்டான். அன்று மதியம் நான் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். அவனிடம் பிரியாணி என்று சொன்னேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? நண்பர்களோடு கடற்கரையில் இருக்கிறேன், அங்கே டிசம்பரில் நல்ல வெயில், எல்லோரும் கறி சுட்டுச் சாப்பிடுகிறோம் என்றான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கடலும் இல்லை, ஆளும் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. 34 வருடம் வகுப்பில் நின்றவள் நான். பிள்ளை பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா?

இரண்டு பேரும் தனியாக இருந்தோம். இரண்டு பேரும் பொய் சொன்னோம். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு மதியம் இரண்டு மணி நேரமாவது பேசிக்கொண்டிருந்திருப்போம். நாலே நிமிடத்தில் "வைக்கட்டுமா அம்மா" என்று வைத்துவிட்டான், நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று. இல்லாத நண்பர்கள்.

குழித்துறைப் பிள்ளையே, உன் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் ஜெபமாலையில் சேர்த்திருக்கிறாரோ என்னவோ.

---

நெல்லைச் சீமை | டிசம்பர் 16, மாலை 7.30

டீச்சர், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். உங்கள் நிலைமை வேறு, என் அப்பாவின் நிலைமை வேறு. அவருக்கு அம்மா கூட இருக்கிறார், தெரு நிறைய சொந்தம் இருக்கிறது. நான் இன்னும் என் கருத்தில்தான் நிற்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த ஃபிரிட்ஜ் சத்தம். என் அறையிலும் ஒன்று இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | டிசம்பர் 16, இரவு 8.15

தவறாக எடுக்கவில்லை தம்பி. அப்பா உடம்பை நீங்கள்தான் அறிவீர்கள்.

---

குழித்துறை மகள் | டிசம்பர் 26, காலை 11.20

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததை எழுத வேண்டும்.

டீச்சரின் பதிவைப் படித்த பிறகும் எனக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை. 20ஆம் தேதி ராத்திரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பதினைந்து பேரும் இல்லை அம்மா, நான் மட்டும்தான், அன்று டியூட்டி என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டுவார், இல்லை அழுவார் என்று காத்திருந்தேன். "அன்றைக்குப் பஸ் ஓடாது என்று டிவியில் சொன்னார்கள் என்று அப்பா சொன்னாரே, எப்படிப் போவாய்?" என்று கேட்டார். நடந்து போக வேண்டும், 40 நிமிடம் ஆகும் என்றேன். "விடிந்திருக்குமா?" என்றார். இங்கே எட்டரை மணிக்குத்தான் விடியும், நான் கிளம்பும்போது கும்மிருட்டாக இருக்கும் என்றேன். "அப்படியானால் நான் கூட வருகிறேன்" என்றார்.

நேற்று காலை 6.40க்கு வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் 12.10. குருநகர் ஐயா சொன்ன மாதிரியே, வீடியோ வேண்டாம், காதில் மாட்டிக்கொள்கிறேன், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். பனி இல்லை, ஈரக்காற்று மட்டும். தெருவில் நானும் ஒரு நாயைக் கூட்டிப்போன பெரியவரும்தான். காதுக்குள் எங்கள் வீட்டு அடுப்படி. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அம்மா எழுந்து போனார். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம், பக்கத்து வீட்டு மாமி கிண்ணத்தில் எதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அரட்டை அடிக்கிற சத்தம், தம்பி "உப்பு பத்தாது" என்பது. நடுநடுவே அம்மா, "இப்போ எங்கே நிற்கிறாய்?" என்பார். பாலம் தாண்டிவிட்டேன் என்பேன். "என்ன பாலம், ஆறு உண்டுமா அடியில்?" என்று கேட்டார். ஆறில்லை, ரயில் பாதை, இன்றைக்கு ரயிலும் இல்லை என்றேன். அப்பா போனை வாங்கி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மருத்துவமனை வாசல் வந்ததும், "வந்துவிட்டேன் அம்மா" என்றேன். "சரி, நாங்க சாப்பிடப் போறோம், உனக்கும் இலை போட்டிருக்கு" என்றார். அங்கே மட்டும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தப் பதினைந்து பேருக்குச் சொன்ன ஜெபமாலையைப் பற்றிக் கேட்டேன். "சொன்னது சொன்னதுதான், யாருக்காவது போய்ச் சேரட்டும்" என்கிறார். நிறுத்தவில்லையாம்.

வார்டில் நாள் முழுக்க ஓட்டம்தான். நோயாளிகளுக்கு வான்கோழிக்கறிச் சாப்பாடு வந்தது, மேசைகளில் பட்டாசு மாதிரி வெடிக்கும் காகிதக் குழல் வைத்தார்கள். இரவு 8.20க்கு வெளியே வந்தபோது, பிராட்ஃபோர்டு அக்கா காரோடு நின்றிருந்தார். தனிச்செய்தியில் பேசியதோடு சரி, முகத்தையே அப்போதுதான் பார்த்தேன். அவர் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, இடியாப்பம். அவருடைய சின்ன மகள் செய்துவைத்த குடிலில் ஆட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டைனோசர். அதை அம்மாவுக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

காயல் டாக்டர் அண்ணா, எங்கள் வார்டில் ஒரு அக்காவிடம் பேசிவிட்டேன். மார்ச் கடைசியில் வரும் பெருநாளுக்கு அவருடைய டியூட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

பிராட்ஃபோர்டு அக்கா | டிசம்பர் 26, மதியம் 12.05

மீதிக் குழம்பை டப்பாவில் போட்டு வைத்தேன், எடுக்காமல் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்.

---

மணப்பாட்டு அலை | டிசம்பர் 26, மாலை 6.40

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். பக்கத்தில் இருந்த ஆளிடம் வாசித்தும் காட்டினேன். இன்று அம்மாவிடம் அந்த மீதிப் பாதியைச் சொல்லிப் பார்க்கிறேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | டிசம்பர் 27, காலை 9.30

நானும் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த வருடம் குடில் வைக்கவில்லை, உனக்கு அனுப்பியது பழைய படம் என்று.

"தெரியும் அம்மா, பின்னால் சுவரில் முந்தின வருடக் காலண்டர் தொங்கிற்று" என்றான்.

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் பேசினோம்.